வடுவும் வழுவும்

மழை ஓய்ந்த மறுநாள் தோட்டத்தைக் கொத்துபவனின் மண்வெட்டி முனையில் சில வேளைகளிற் பழங்காசொன்று தட்டுப்படுவதுண்டு. கந்தரோடை, மாந்தை, அனுராதபுரம் முதலிய பழம்பதிகள் இவ்வாறு காசுகளை ஈந்த நிலங்களே. மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது காசின் தோற்றம் விந்தையாக இருக்கின்றது. வட்டம் முழுமையாக இல்லை. எழுத்திற் பாதியைக் காணோம். அரசனுடைய முகத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடுகின்றது. சூழ நிற்பவருள் ஒருவர், "இது பழுதான காசு, ஒன்றுக்கும் உதவாது" என்கின்றார். மற்றொருவர், "அன்று, அன்று, அச்சடிக்கும்போதே பிழைத்த காசு இது. கிடைத்தற்கரியது. பெருவிலை பெறும்" என்கின்றார். இருவரும் காசை ஒருமுறைக்கு மேற் பார்க்கவில்லை.

இவ்விரு தீர்ப்புக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு விலையைப் பற்றியது மட்டுமன்று. காசு அடிக்கும் அக்கசாலையிலே, அது பிறக்கும்போதே நேர்ந்த குறை ஒருவகை. பிறந்தபின் பல கைகள் மாறியும், மண்ணிற் கிடந்தும் அஃது அடைந்த காயம் மற்றொருவகை. முன்னையதை வழு என்றும், பின்னையதை வடு என்றும் கூறலாம். வழுவானது காசை அடித்த பட்டறையின் செய்தியைச் சொல்லும். வடுவானது காசை வாங்கியும் விற்றும் வாழ்ந்த மக்களின் செய்தியைச் சொல்லும். ஒன்றை மற்றொன்றாக மயங்கிக் கொள்பவன், கொல்லனுடைய கைத்தவறை அரசியற் பகை என்று எழுதிவிடுவான்; வணிகன் வேண்டுமென்றே இட்ட வெட்டைக் கொல்லனின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவான். இரண்டும் வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும். ஆகவே, வழுவையும் வடுவையும் பிரித்தறியும் முறை யாது என்பதே கேள்வி.

அதனை அறிவதற்குக் காசு பிறக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். பண்டைக் காலத்தில் ஒரு காசை ஆக்குவதற்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன: உலோக வில்லை, இரண்டு அச்சுக்கள், ஒரு சம்மட்டி. கீழச்சு ஒரு பட்டடையிற் பொருத்தப்பட்டிருக்கும். மேலச்சைத் தொழிலாளி கையிற் பிடித்திருப்பான். இடையே வில்லையை வைத்து மேலச்சின் தலையிற் சம்மட்டியால் ஓங்கி அடித்தால், உலோகம் நெரிந்து அச்சின் குழிவுகளுட் புகுந்து உருவம் பெறும். ஆகவே, அச்சிற் குழிந்திருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாயிருப்பது காசிற் குழிவாகும். அச்சில் எழுத்து இடம்வலம் மாறி வெட்டப்பட்டிருந்தாலே காசில் அது நேராக விழும். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் வழக்கிற் பாதி தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, அரசன் முகத்தின் குறுக்கே ஓடும் கோட்டையே பார்க்கலாம். அக்கோடு மேடாக நிற்கின்றதா, பள்ளமாகக் கிடக்கின்றதா என்பதே முதற்கேள்வி. ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கிய அச்சு நாளடைவில் வெடிக்கும். வெடிப்பு என்பது அச்சில் ஒரு குழிவு. அடுத்த வில்லையை அடிக்கும்போது உலோகம் அவ்வெடிப்பினுள்ளும் புகும். அதனாற் காசின்மீது நூலிழை போன்ற மேடான கோடொன்று தோன்றும். எத்துணைக் கூரிய ஆணியாற் கீறினும் காசின்மேல் அத்தகைய மேட்டை உண்டாக்க முடியாது. ஆகவே மேடான கோடு பெரும்பாலும் வழுவைச் சேர்ந்தது.

பள்ளமான கோடு இதற்கு நேர்மாறானது. அச்சில் மெல்லிய மேடொன்று தற்செயலாக எழுவது எளிதன்று. எனவே காசிற் பள்ளமான கோடு தோன்றினால், பின்னர் நேர்ந்த கீறலோ வெட்டோ என்று ஐயுறுதல் தகும். அதற்குச் சான்று பள்ளத்தின் கரையிலேயே இருக்கும். ஏர் உழுத சாலின் இருமருங்கும் மண் ஒதுங்கி வரம்பாக நிற்பதுபோல, கீறப்பட்ட உலோகமும் பள்ளத்தின் இருமருங்கும் ஒதுங்கி நிற்கும். பூதக்கண்ணாடியால் நோக்கினால் இவ்வரம்பு தெளிவாகத் தெரியும்.

எனினும் எந்த விதிக்கும் புறநடை உண்டு. பழைய அக்கசாலைகளில் எடை மிகுந்த வில்லைகளை அச்சிடுவதற்கு முன் அரத்தால் அராவிச் சரிசெய்வது வழக்கம். அவ்வராவற் கோடுகள் பள்ளமானவையே. ஆயினும் அவை வழுவைச் சேர்ந்தவை. அச்சின் அழுத்தத்தால் வெறுந்தளத்தில் அவை நசுங்கி மறைந்துவிட, அழுத்தம் முழுதும் எட்டாத உயர்ந்த பகுதிகளில் மட்டும் எஞ்சி நிற்கும். பின்னர் வந்த கீறல், மாறாக, மேடு தளம் இரண்டையும் ஒன்றுபோலக் கடந்து செல்லும். மேலும், வில்லைக்கும் அச்சுக்கும் இடையே நூலோ தும்போ விழுந்து அடிபட்டால், அதன் வடிவிற் பள்ளம் உண்டாகும். அதன் கரைகளில் ஒதுங்கிய உலோகம் காணப்படாது. ஆகவே, பள்ளமா மேடா என்பதோடு நில்லாது, உலோகம் எவ்வாறு நகர்ந்தது, எப்பொழுது நகர்ந்தது என்று வினவுவதே நுண்மையான ஆராய்ச்சி.

இனி, அக்கசாலையிலே நேரும் பெருவழுக்கள் சிலவற்றை நோக்கலாம். வில்லை அச்சின் நடுவில் அமையாமல் விலகியிருந்தால், உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறைபோல வெறுமையாக விடப்படும். அவ்வெறும் பகுதி அச்சின் தொடுதலையே அறியாதது. காசின் ஒரு பகுதியைப் பின்னர் ஒருவர் தேய்த்து அழித்திருந்தால், தேய்த்த இடம் மெலிந்தும், எழுத்தின் அடிச்சுவடு மங்கலாக எஞ்சியும் இருக்கும். அடித்த காசு அச்சைவிட்டுச் சற்றே நகர்ந்து மீண்டும் அடிபட்டால் உருவம் இரட்டிக்கும். அப்பொழுது முதல் உருவம் நசுங்கிக் கிடக்க, இரண்டாம் உருவம் அதன்மேல் முழுமையாக நிற்கும்.

எல்லாவற்றினும் வியப்பானது மற்றொருவகை. அடித்த காசு கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. வேகமாக வேலை செய்யும் தொழிலாளி அதைக் கவனியாமல் அடுத்த வில்லையை வைத்து அடித்துவிடுவான். அப்புதிய வில்லையின் கீழ்ப்பக்கத்திற் கீழச்சின் தலையுருவம் வழக்கம்போல மேடாகப் பதியும். மேற்பக்கத்திலோ, ஒட்டியிருக்கும் முதற்காசே அச்சாகிவிடும். ஆகவே அதே தலையுருவம் கண்ணாடியிற் கண்டதுபோல இடம்வலம் மாறிக் குழிவாகப் பதியும். உரோமக் குடியரசின் வெள்ளிக் காசுகளில் இத்தகையவை பல கிடைத்துள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமபுரியின் அக்கசாலையில் ஒருவன் கணநேரம் கண்ணை எடுத்த செய்தி இன்றும் அழியாமல் அக்காசிற் பதிந்திருக்கின்றது.

இதனைப் பொய்யாகச் செய்ய முயல்வாரும் உண்டு. இரண்டு காசுகளை இடுக்கியில் வைத்து நெரித்தால் ஒன்றின் உருவம் மற்றொன்றிற் குழிவாக விழும். ஆனால் அவ்வாறு நெரிக்கும்போது காசில் முன்பே இருந்த உருவம் நசுங்கிய சுவடு குழிவின் அடியில் எஞ்சும்; மேடான பகுதிகள் தட்டையாகும். உண்மையான வழுவில் அத்தகைய பழைய உருவம் இராது. அடிபட்டது வெறும் வில்லையே அன்றோ?

அடுத்த சான்று தராசு. ஒதுங்கி அடிபட்ட காசும், இரட்டித்து அடிபட்ட காசும் எடையிற் குறையா. உலோகம் இடம் மாறியதேயன்றி எங்கும் போகவில்லை. விளிம்பு வெட்டப்பட்ட காசோ எடையில் இளைத்திருக்கும். இங்கிலாந்தில் வெள்ளிக் காசுகளின் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து, அவ்வெள்ளியைச் சேர்த்து உருக்கி விற்கும் களவு நெடுங்காலம் நிலவியது. மரணதண்டனை விதித்தும் அது நிற்கவில்லை. அதனைத் தடுக்கவே பொறிகளால் அடிக்கப்பட்ட காசுகளின் விளிம்பில் எழுத்துப் பொறிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1662ஆம் ஆண்டின் கிரவுண் என்னும் வெள்ளிக் காசின் விளிம்பிலே, அணியும் அரணும் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டன. ஆயினும் கத்தரிக்கப்பட்ட பழைய காசுகள் புழக்கத்தில் இருந்தமையால் வணிகம் நலிந்தது. 1696ஆம் ஆண்டில் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்கும் பெரும்பணி தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே விஞ்ஞானி ஐசாக் நியூட்டன் இலண்டன் அக்கசாலையின் காவலராகப் பதவியேற்றார்.

பொறிகளின் காலத்திலும் விளிம்பு குறைந்த காசுகள் வழுவாகப் பிறப்பதுண்டு. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளைத் துளைத்தெடுக்கும்போது, முன்னர் துளைத்த இடத்தோடு பின்னர் துளைக்கும் இடம் சற்றே மேற்படிந்தால், வில்லை ஒருபுறம் கடிபட்ட அப்பம்போலப் பிறை வடிவிற் குறைந்துவிடும். இதனைக் கத்தரிக்கப்பட்ட காசிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. அச்சிடுவதற்கு முன், வில்லையின் விளிம்பை உயர்த்துவதற்காக அதனை இருபுறமும் நெருக்கி உருட்டுவர். ஒருபுறம் குறை இருந்தால் அதற்கு நேரெதிரே நெருக்கம் போதாது. ஆகவே, வழுவினாற் குறைந்த காசிற் குறைக்கு நேரெதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பின்னர் கத்தரிக்கப்பட்ட காசிலோ எதிர்விளிம்பு குறைவின்றி நிற்கும். காயத்தை அதன் இடத்தில் மட்டும் பார்த்தல் போதாது. எதிர்ப்பக்கத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனிக் கூறப்படுவது எல்லாச் சோதனைகளிலும் வலியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே சாயலைக் கொண்டிருப்பதுபோல, ஒரே அச்சிற் பிறந்த காசுகள் அவ்வச்சின் குறையை ஒரே இடத்திற் சுமக்கும். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர அக்கசாலையில் அடிக்கப்பட்ட ஐந்து சத நிக்கற் காசுகள் சிலவற்றில், காட்டெருமைக்கு மூன்று கால்களே காணப்படுகின்றன. அச்சிலிருந்த தழும்புகளை அகற்றுவதற்காக அதனை அளவுக்கு மீறி மினுக்கியபோது ஒரு முன்னங்காலின் உருவம் அச்சிலிருந்தே அழிந்துபோயிற்று. இக்காசுக்கு விலை மிகவே, சாதாரணக் காசின் காலைச் சுரண்டி எடுத்து ஏமாற்றுவாரும் தோன்றினர். ஆனால் உண்மையான காசில், கால் இல்லாமை மட்டும் அடையாளமன்று. எருமையின் வயிற்றின் கீழிருந்து நிலத்தை நோக்கி மேடான புள்ளிகளின் வரிசை ஒன்று இறங்கும். பின்னங்காலொன்று அரிக்கப்பட்டது போலத் தோன்றும். அவ்வச்சிற் பிறந்த எல்லாக் காசுகளிலும் இவை உண்டு. சுரண்டுபவன் காலை எடுத்துவிடலாம். அந்தப் புள்ளிகளை எங்கிருந்து கொண்டுவருவான்? வழு தனியே வருவதில்லை. தன் சுற்றத்தோடு வரும்.

இவ்விடத்திலே மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். விந்தையாகத் தோன்றும் காசெல்லாம் வழுவோ வடுவோ உடையது என்று கொள்ளலாகாது. இலங்கையின் இடைக்காலச் செப்புக் காசுகளை முதன்முறை காண்பவர், அவற்றில் நிற்கும் அரசனின் உருவம் கோடுகளும் புள்ளிகளுமாகச் சிதைந்திருப்பதாகவே எண்ணுவர். உண்மையில் அது சிதைவன்று. இராசராச சோழனின் காசு வகையைப் பின்பற்றி, தலைமுறை தலைமுறையாகச் சுருக்கி வரையப்பட்ட பாணியே அது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியின் உருவமும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் காணப்படும். வில்லை சிறிதாகவும் அச்சுப் பெரிதாகவும் இருக்கும்போது எழுத்தின் ஒரு பகுதி வில்லைக்கு வெளியே போய்விடும். அக்காலத்து மக்கள் அதனைப் பிழையென்று தள்ளவில்லை. அவ்வாறே, உரோமப் பேரரசின் பிற்காலத்துச் சிறு செப்புக் காசுகள் இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றோடு, அவற்றைப் பார்த்து இங்கு செய்யப்பட்ட போலிகளும் கலந்துள்ளன. அவற்றில் எழுத்துக்கள் பொருளற்ற கோடுகளாக இருப்பதற்குக் காரணம் அச்சுப் பிழையுமன்று, தேய்வுமன்று. இலத்தீன் அறியாத கைகள் அவ்வெழுத்தை ஓவியமாகக் கண்டு வரைந்தன என்பதே. எனவே ஒரு காசைப் பழுதென்று கூறுமுன், அவ்வினத்திற்கு இயல்பு யாது என்பதை அறிதல் வேண்டும்.

இதுகாறும் வழுவைப் பற்றியே பெரிதும் கூறப்பட்டது. காசு திரட்டுவோர் வழுவையே போற்றுவர், வடுவை இகழ்வர். சந்தையில் வழுவுக்கு விலை உண்டு; வடுவுக்கு இல்லை. ஆனால் வரலாற்றின் சந்தை வேறு. அங்கே வடுவின் மதிப்புச் சில வேளைகளில் வழுவின் மதிப்பை வென்றுவிடும்.

கண்டி அரசில் நெடுங்காலம் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், இந்நாட்டில் வழங்கிய வெள்ளிப் பணமொன்றை விவரிக்கின்றார். அது வட்டக் காசன்று. தூண்டில்போல வளைக்கப்பட்ட வெள்ளிக் கம்பி. இலாரின் என்பது அதன் பெயர். அரசனின் இசைவோடு குடிமக்களே அதனைச் செய்து, தாம் விரும்பிய முத்திரையை இட்டனர். அவ்வாறாயின் அதன் தூய்மைக்குப் பிணை யார்? நெருப்பே பிணை. ஐயம் எழுந்தால் அப்பணத்தைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் இடுவர். அது தூய வெண்ணிறமாக வெளிவராவிடில் அப்பணம் செல்லாது. இன்று நூதனசாலையில் ஓர் இலாரினில் தீயின் சுவடு இருக்குமாயின், அதனைக் காண்பவர் வீடு எரிந்தபோது கெட்ட பணம் என்று எண்ணக்கூடும். அன்று அது சோதனையில் தேறிய பணத்தின் சான்றாகவும் இருந்திருக்கலாம்.

கிரேக்க நாட்டிலும் இத்தகைய வடுக்கள் உண்டு. ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தைக் காசுகள் பலவற்றில் ஆழ்ந்த உளிவெட்டுக்கள் காணப்படுகின்றன. மேலே வெள்ளி முலாமும் உள்ளே செம்பும் கொண்ட கள்ளக் காசுகள் உலவியமையால், உள்ளே இருப்பது யாது என்று அறிய அக்காசுகளை வெட்டிப் பார்த்தனர். ஏதென்சின் பழைய சந்தைவெளியில் 1970ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று, கி.மு. 375ஆம் ஆண்டை அடுத்து இயற்றப்பட்ட சட்டத்தைத் தாங்கி நிற்கின்றது. அதன்படி, அரசு நியமித்த நோட்டகாரன் சந்தையில் அமர்ந்திருப்பான். நல்ல காசை அவன் உடையவனிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருக்கக் கண்டால் அக்கணமே அதனைக் குறுக்கே வெட்டிவிடவேண்டும். வெட்டப்பட்ட காசு தெய்வங்களின் அன்னைக்கு உரியதாகும். மீண்டும் சந்தைக்கு வாராது.

தமிழகத்திலும் இத்தொழில் பழமையானது. காசின் தரத்தை நோட்டம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்பது பெயர். சங்கப் புலவருள் தாமோதரனார், பேரிசாத்தனார் முதலிய சிலரின் பெயருக்கு முன் இச்சொல் அடையாக வருதல் காணலாம். காசையும் சொல்லையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் ஒருவரிடமே அமைந்திருந்தது போலும். நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும் மொழியிலே, காசைச் சோதிப்பவனுக்கு ஏற்றம் இருந்ததில் வியப்பில்லை.

அவ்வண்ணக்கரின் காலத்தை நினைவூட்டும் புதையலொன்று, 1898ஆம் ஆண்டில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் வெளிப்பட்டது. அதில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்தஸ் பேரரசன் முதல் வெஸ்பாசியன் வரையுள்ளோரின் காசுகள் அவை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலத்தன. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அறிஞர் ஜோர்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். காண்போரைத் திகைக்கச் செய்தது யாதெனில், அவற்றுட் பெரும்பாலான காசுகளிற் பேரரசனின் தலைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியதே. தொடக்கத்திற் கூறிய தோட்டத்துக் காசின் புதிர் இங்கே நூற்றுக்கணக்கிற் பெருகி நின்றது.

இதுவரை கண்ட விதிகளை இக்காசுகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கோடு மேடன்று, பள்ளம். ஆகவே அச்சு வெடித்ததால் வந்ததன்று. இனி, ஒரே அச்சிற் பிறந்த பிள்ளைகள் ஒரே குறையைச் சுமப்பர் என்பது விதி. இக்காசுகளோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வேறு வேறு அரசரின் காலத்தில், வேறு வேறு அச்சுக்களில், பல பதின்ம ஆண்டுகள் இடைவிட்டுப் பிறந்தவை. தொடர்பில்லாத பல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் ஒரே அடையாளம் இருக்குமாயின், அது பிறவி மச்சமன்று. பின்னர் ஒருவர் இட்ட சூடு. எனவே இது வழுவன்று, வடு. தற்செயலாக நேர்ந்த வடுவுமன்று. மண்வெட்டி பட்டோ, கல்லில் உராய்ந்தோ உண்டான காயம் ஒவ்வொரு காசிலும் பேரரசனின் தலையையே தேடிச் சென்றிராது. உளியோ அரமோ பிடித்த கை ஒன்று, இன்னது செய்கின்றோம் என்று அறிந்தே இதனைச் செய்தது.

ஏன் செய்தது என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். உள்ளே வேறு உலோகம் உண்டோ என்று சோதிப்பதற்கு இடப்பட்ட வெட்டு என்பர் சிலர். ஆயின் சோதனைக்கு எந்த இடமும் போதுமே. தலையையே தெரிந்தெடுப்பானேன் என்னும் கேள்வி எழுகின்றது. இனிக் காசாகச் செல்லாது, எடைக்குப் பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்கு அடையாளமாக அவ்வுருவத்தை வெட்டினர் என்பர் வேறு சிலர். கடல்கடந்த வேந்தன் ஒருவனின் ஆணை இந்நிலத்திற் செல்லாது என்பதைக் காட்டவே அவன் முகத்தை வெட்டினர் என்று கருதுவோரும் உளர். எக்காரணமாயினும் ஒன்று தெளிவு. யவனப் பொன்னைத் தமிழகத்தார் வாய்பிளந்து வாங்கவில்லை. கையில் எடுத்து, நோட்டம் பார்த்து, தம் நாட்டு முறைக்கு உட்படுத்திய பின்னரே கொண்டனர். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு சென்ற செய்தி இலக்கியத்திலும் உண்டு. ஆனால் அப்பொன் இக்கரை சேர்ந்தபின் அதனைப் பெற்றவர் என்ன செய்தனர் என்பதற்கு இந்த வடுவே சாட்சி. அதனைப் பழுதென்று உருக்கியிருந்தால், சாட்சியும் உருகிப் போயிருக்கும்.

ஆகவே, விந்தையான காசொன்று கையில் வந்தால் முதலிற் செய்யவேண்டியது யாது? செய்யாதிருக்கவேண்டியதே முதலில் வருகின்றது. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கலாகாது, செங்கற்பொடியால் மினுக்கலாகாது. செம்பின்மேற் காலம் படியவைத்த பசுங்களிம்பு அழுக்கன்று, அது சான்று. கீறலின் உள்ளும் புறமும் ஒரே களிம்பு படிந்திருந்தால் அக்கீறல் பழையது. கீறலினுள் உலோகம் பளிச்சிட்டால், அது நேற்றைய மண்வெட்டியின் வேலை. தேய்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்; பழைய வடுவோடு புதிய வடுவொன்றும் சேரும். அதனை எந்த அறிஞராலும் நீக்க இயலாது.

அதன்பின் பூதக்கண்ணாடியும் தராசும் போதும். கோடு மேடா பள்ளமா, கரையில் உலோகம் ஒதுங்கியுள்ளதா, எடை குறைந்ததா, எதிர்ப்பக்கம் என்ன சொல்கின்றது, அவ்வினத்துப் பிற காசுகளிலும் இக்குறை உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வரவேண்டும். கிடைத்த இடமும், உடன் கிடைத்த ஓடும் மணியும் காசைப் போலவே சான்றுகள். அவற்றை விட்டுக் காசை மட்டும் எடுத்துச் செல்லுதல், சாட்சியின் நாவை அறுத்து அவனை மன்றத்திற்கு அழைத்துச் செல்வதை ஒக்கும். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருளைக் கண்டெடுப்போர் அதனை உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்று விதித்ததன் பயனும் இதுவே.

தோட்டத்திற் காசைக் கண்டெடுத்தவனைச் சூழ நின்ற இருவரில் எவர் கூற்று உண்மை என்பது அக்காசைப் பொறுத்தது. ஒருகால் அது வழுவாக இருக்கலாம். ஒருகால் வடுவாக இருக்கலாம். இரண்டுமின்றி அவ்வினத்தின் இயல்பாகவும் இருக்கலாம். ஆனால் "ஒன்றுக்கும் உதவாது" என்ற சொல் மட்டும் எந்நிலையிலும் பொருந்தாது. அக்கசாலையில் அயர்ந்த தொழிலாளியும், சந்தையில் ஐயுற்ற வணிகனும் தம் பெயரை எங்கும் எழுதிவைத்துச் செல்லவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையொப்பம் காசின் முகத்திலுள்ள அந்த ஒரு கோடே.